ரெண்டு கலர் ஸ்பின் பந்து: சாஃப்ட்பால் பிச்சருக்கு வாங்கித்தரலாமா?

பெரம்பூர் பக்கம் ஸ்கூல் பொண்ணுங்களுக்கு சாஃப்ட்பால்ல (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) விண்ட்மில் பிச்சிங், அதாவது கையை முழு வட்டமா சுத்தி கீழேர்ந்து பேட்டருக்கு பந்து போடறது, சொல்லித்தரேன், அவங்களுக்காக ஆன்லைன்ல வரவழைச்ச பந்து இது. பாதி சிவப்பு, பாதி மஞ்சள். மத்தபடி மேட்ச் பந்து மாதிரியே 12 இன்ச் சுற்றளவு, எடையும் கைக்கு அதே மாதிரிதான் இருக்கு, தையல் நல்லா தூக்கலா இருக்கறதால விரல் சூப்பரா பிடிக்குது.

நம்ம ஊர்ல ஸ்பின்னுன்னா உடனே சேப்பாக்கம்தான் ஞாபகம் வரும், ஆனா அங்க பந்து தரையில பட்டு திரும்புது, சாஃப்ட்பால்ல தரையிலயே படாது, பிச்சருக்கும் பேட்டருக்கும் நடுவுல இருக்கற 43 அடிக்குள்ள எல்லாமே காத்துலயே நடந்து முடியணும். மணிக்கு 60 மைல்ல போட்டா அதுக்கு அரை செகண்ட் கூட ஆகாது. சுத்தற பந்து காத்தை ஒரு பக்கம் தள்ளும், பந்து எதிர்ப்பக்கம் நகரும், மேக்னஸ் எஃபெக்ட்னு சொல்றது இதைத்தான். டாப்ஸ்பின்னா (முன்பக்கமா சுத்தினா) சட்டுனு இறங்கற டிராப் பால், பக்கவாட்டு ஸ்பின்னா பக்கவாட்டுல வளையற கர்வ். பேக்ஸ்பின்னா (பின்பக்கமா சுத்தினா) ரைஸ், அதுல பந்து நிஜமா மேல வளையுதுன்னு நினைக்காதீங்க, கீழேர்ந்து ஏத்திப் போடறதோட பேக்ஸ்பின்னும் சேர்ந்து இறங்கறதை குறைக்கும், பேட்டர் நினைச்ச இடத்துக்கு மேல பந்து வந்துடும், அவ்ளோதான்.

ஆனா எவ்ளோ வேகமா சுத்துதுங்கறதை விட எந்த அச்சுல சுத்துதுங்கறதுதான் முதல்ல பாக்கணும்னு நான் சொல்லுவேன். அச்சு நேரா கேட்ச்சரை (பேட்டருக்குப் பின்னாடி பந்தைப் பிடிக்கறவங்க) பாத்து இருந்தா அது புல்லட் ஸ்பின், எவ்ளோ சுத்தினாலும் பெருசா எங்கயும் திரும்பாது. "அக்கா, ரைஸ் போட்டேன்"னு சந்தோஷமா சொல்ற பொண்ணுங்கள்ல நிறைய பேர் போடறது இதைத்தான், விரல் பந்துக்கு கீழ போகாம பக்கத்துலயே நின்னுடுது. ஒத்தக் கலர் பந்துல இதை கண்ணால பிடிக்கறது ரொம்ப கஷ்டம்.

இந்த பந்துக்கு நான் காசு குடுத்ததே அதுக்குத்தான். கலர் சேர்ற கோடு நெட்டுக்குத்தா இருக்கற மாதிரி பிடிச்சு போடச் சொல்லுங்க. டிராப்போ ரைஸோ சரியா வந்தா கேட்ச்சருக்கு ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம் மஞ்சள், கோடு அசையாம நிக்கும். புல்லட் ஸ்பின்னா கோடு ஃபேன் மாதிரி சுத்தும். ரெண்டுக்கும் நடுவுலன்னா கலர் கலங்கி ஆடும். போட்ட பொண்ணுக்கே தெரிஞ்சிடும், நான் வாயைத் திறக்கவே வேண்டாம். கர்வ் போடும்போது மட்டும் கோட்டை படுக்கையா வெச்சுக்கணும்.

ஒரு குறை இருக்கு. கோடு நேரா நிக்குதுன்னா அச்சு சரின்னு மட்டும்தான் அர்த்தம், முன்னாடி சுத்துதா பின்னாடி சுத்துதான்னு கோடு சொல்லாது. அதுக்கு மார்க்கர்ல ஒரு பெரிய புள்ளி வெச்சு போன்ல செகண்டுக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன்ல எடுங்க, சுத்தற வேகமும் அதுலயே கிடைச்சிடும். ஒரு சுத்துக்கு 12 ஃப்ரேம் ஆனா செகண்டுக்கு 20 சுத்து, அதாவது நிமிஷத்துக்கு 1200. ஆப்போட வர்ற சென்சார் பந்து இந்த நம்பரை தானா காட்டும்தான், ஆனா பழகற பொண்ணுக்கு நம்பரை விட கண்ணுல படறது சீக்கிரம் புரியுதுங்கறது என் அபிப்பிராயம்.

இன்னொண்ணு, பெயின்ட் சீக்கிரம் உரியுது. சுவத்துல அடிக்காதீங்க, செம்மண் கிரவுண்ட்ல உருள விடாதீங்க, மே மாசத்துல கை வேர்த்து வழுக்கும், துண்டு பக்கத்துலயே இருக்கட்டும்.

விலை சாதாரண பந்தை விட நல்லாவே ஜாஸ்தி. டீமுக்கு ஒண்ணு வாங்கினா போதும், ஆளாளுக்கு தேவையில்ல. அதுவும் முடியலன்னா பழைய பந்தை சுத்தி நடுவுல கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி பத்து பதினைஞ்சு அடியில மணிக்கட்டு பயிற்சி மட்டும் குடுங்க, அதுலயே பாதி விஷயம் தெரிஞ்சிடும். சின்னப் பசங்களுக்கு 11 இன்ச் பந்துதான் பாருங்க, 12 அவங்க விரலுக்கு பெருசு.