ஃபுளோரைடு மவுத்வாஷ்: குன்னூர்க் குளிரில் வாங்கலாமா?

ஊட்டி, குன்னூர் மெடிக்கல் ஷாப்களில் மவுத்வாஷ் என்று கேட்டால் எதையாவது எடுத்துத் தருவார்கள். லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். சொத்தையைத் தடுக்க வேண்டியது சோடியம் ஃபுளோரைடு 0.05%, தினமும் பயன்படுத்தலாம். 0.2% என்றால் வாரம் ஒருமுறைதான், அதுவும் டாக்டர் சொன்னால். குளோர்ஹெக்சிடின் வேறு சரக்கு. ஈறுக்கானது, நாளுக்கு நாலு டீ குடிக்கும் நம்ம ஊரில் பல்லில் பழுப்புக் கறை சீக்கிரம் ஏறிவிடும்.

அளவு 10 மி.லி. ஒரு நிமிடம் பல்லிடுக்கெல்லாம் பாயக் கொப்பளித்துத் துப்புங்கள். அப்புறம் தண்ணீரால் அலசக்கூடாது, அரை மணி நேரம் டீயும் வர்க்கியும் கிடையாது.

பெரும்பாலோர் தவறுவது நேரத்தில்தான். பல் துலக்கிய கையோடு கொப்பளித்தால், பேஸ்ட் பல்லில் விட்டுச்சென்ற அடர்த்தியான ஃபுளோரைடு கழுவிப் போய்விடும். பேஸ்ட்டில் சுமார் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு), 0.05% மவுத்வாஷில் 226 பிபிஎம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்வது உத்தமம். மார்கழியில் பாட்டில் ஐஸாக இருக்கும். பல் கூசுகிறவர்கள் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கலாம்.

ஆறு வயதுக்குக் கீழே கொடுக்கவே வேண்டாம், விழுங்கிவிடுவார்கள். ஆல்கஹால் கலந்தது வாயை உலர்த்தும், தவிர்க்கலாம்.

பல்லில் கம்பி போட்டவர்கள், வாய் உலர்பவர்கள், அடிக்கடி சொத்தை வருபவர்களுக்குக் காசு வீண்போகாது. மற்றவர்களுக்கு ஃபுளோரைடு பேஸ்ட்டே போதும்.