ஷூர் எஸ்.எம்.58: பல குரல்களுக்கு ஈடுகொடுக்கும் மைக்

யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம் என்கிற ஓப்பன் மைக் இரவுகளில் பாடத் தொடங்குகிற யாராவது எந்த மைக் வாங்கலாம் என்று கேட்டால் நான் யோசிப்பதே இல்லை. ஷூர் எஸ்.எம்.58. வீட்டில் பாடல் பதிவு செய்ய என்று கேட்டால் பதில் வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

1966-ல் வந்த மாடல். இன்றும் ஏறக்குறைய அதே உருவம்: உருண்டையான கம்பிவலைத் தலை, உள்ளே மெல்லிய பஞ்சு, கீழே சாம்பல் நிறக் கைப்பிடி, எடை 300 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பேட்டரி வேண்டாம். ஒலிகளைக் கலந்து அளவு பார்க்கும் மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வரவேண்டும் என்ற அவசியமும் இல்லை. அந்த மின்சாரத்தை அனுப்பும் பொத்தானை யாராவது தெரியாமல் அழுத்திவிட்டாலும், சரியான எக்ஸ்.எல்.ஆர் கேபிள் (மைக்குகளுக்கான மூன்று முனைக் கேபிள்) இருந்தால் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. சில நிமிடங்களுக்கு ஒருவர் மாறுகிற மேடையில் இது பெரிய நிம்மதி.

எங்கள் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் உதட்டை வலையில் ஒட்டவைத்துத்தான் பாடுவான். முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கிற இதுபோன்ற மைக்கை இவ்வளவு நெருங்கினால் கீழ்ச்சுரங்கள் தடித்துவிடும். மெல்லிய குரல்காரனான அவனுக்கு அது லாபம், அந்தக் கனத்தை நம்பியே தன் பாட்டுகளைக் கீழ் ஸ்ருதியில் எழுதினான். அடுத்து ஏறுகிறவள் நேர் எதிர். உச்சத்துக்குப் போகும்போது தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள், மறுபடி பல்லவிக்கு வரும்போது நெருங்குவாள். மிக்ஸரில் யாரும் கை வைக்காமலே அவள் பாட்டு ஒரே சீராக வந்ததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம். இருவருக்கும் அதே மைக், இடையில் எதையும் மாற்றவில்லை.

இது பிடிக்கும் ஒலியின் அதிர்வெண் 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. காகிதத்தில் பார்த்தால் சுமார்தான். ஆனால் அடித்தொனிகள் கொஞ்சம் இறங்கி, சொற்கள் தெளிவாகக் கேட்கும் மேல் நடுப்பகுதி கொஞ்சம் தூக்கலாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். கிட்டாரை ஓங்கி அடித்துக்கொண்டே பாடுகிற நண்பன் ஒருவனின் வரிகள் பின்வரிசை வரை போய்ச் சேர்ந்தது இதனால்தான். அவனிடம் ரசிக்க வேண்டியதே வரிகள்தான், மெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

எது வேண்டாம் என்றால், வலையைக் கையால் பொத்திப் பிடிப்பது. மைக் முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்டுப் பின்பக்கத்தை ஒதுக்குவதற்கு, பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கும் துளைகள் வழியே ஒலி நுழைய வேண்டும். அதை அடைத்துவிட்டால் எல்லாத் திசையிலிருந்தும் வாங்க ஆரம்பிக்கும், மானிட்டர் (பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) ஊளையிடும். ராப் பாடுகிற எங்கள் தம்பிக்கு இதை எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. அப்படிப் பிடித்தால்தான் பாட்டில் உணர்ச்சி வருகிறதாம். சரி, வரட்டும், ஆனால் மானிட்டரின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் அவனை மேடையேற்றுகிறோம். மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேர் எதிரே வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஸ்விட்ச் வைத்த வகையும் உண்டு. மேடைக்கு அதை வாங்காதீர்கள். ஸ்விட்ச் அணைந்திருப்பது தெரியாமல் ஒரு நண்பன் கண்ணை மூடிக்கொண்டு பல்லவி முழுவதையும் பாடி முடித்தான். முன்வரிசைக்காரர்கள், மைக் இல்லாமல் பாடுவதுதான் அவன் பாணி என்று நினைத்து அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று அவனுக்குக் கிடைத்த கைதட்டல் அப்புறம் ஒருநாளும் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

இதே கம்பெனியின் பீட்டா 58ஏ இன்னும் கூர்மையாகப் பிடிக்கும், பளிச்சென்றும் கேட்கும். ஆனால் வாயைக் கொஞ்சம் திருப்பினாலும் குரல் மெலிந்துவிடும். மைக் முன் நின்று பழகியவருக்கு அது சரி. முதல்முறை ஏறி, பதற்றத்தில் இடமும் வலமும் ஆடுகிறவருக்குப் பழைய 58-தான் இரக்கமுள்ளது.

இப்போது வீட்டுப் பதிவு. இதிலிருந்து வரும் சிக்னல் சிறியது, நிறையத் தூக்க வேண்டும். தோழி ஒருத்தி ஏறக்குறைய ரகசியம் பேசுவதுபோலப் பாடுகிற ஒரு தாலாட்டை இதில் பதிவு செய்தோம். மைக்கைக் கணினியோடு இணைக்கும் சாதாரண இன்டர்ஃபேஸில் கெயினை, அதாவது சிக்னலின் பெருக்கத்தை, தூக்கத் தூக்க, குரலோடு இரைச்சலும் வந்தது. மூச்சின் நுணுக்கம் வரவில்லை. அமைதியான அறையும் மென்மையான குரலும் இருந்தால் மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக் வாங்குங்கள். மேடைக்கும் வீட்டுக்கும் ஒன்றே போதும் என்று விற்பவர் சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம்.

பராமரிப்பு எளிது. வலையைத் திருகிக் கழற்றி, பஞ்சையும் சேர்த்து மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். பல வாய்கள் பட்ட மைக்கை அவ்வப்போது அலசாவிட்டால் நாற்றம் தாங்காது. சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வதும் அதனால்தான். வலை நசுங்கினால் அதை மட்டும் தனியே வாங்கலாம். போலிகள் அதிகம் என்பதால் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

வாங்கியதும் கைப்பிடியில் வண்ண டேப் ஒன்றைச் சுற்றிவிடுங்கள். எல்லா 58-ம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். என்னுடையதும் கிட்டார் நண்பனுடையதும் எந்த இரவிலோ மாறிவிட்டன. வலை நசுங்கியது அவனுடையது என்று நான் சொல்கிறேன், அவன் இல்லை என்கிறான்.