கிளிநொச்சி ஏ9 வீதிச் சாப்பாட்டுக் கடை: ருசி சரி, மெனு சரியில்லை

குரக்கன் பிட்டும் கீரிமீன் குழம்பும் அவ்வளவு ருசி, மிச்சம் வைக்க மனமே வரவில்லை. ஆனால் ஆங்கில மெனுவைக் கட்டாயம் திருத்த வேண்டும். கீரிமீனைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘மங்கூஸ் ஃபிஷ்’ என்று போட்டிருக்கிறார்கள், என்னோடு வந்த போலந்து நண்பர் கீரிப்பிள்ளை இறைச்சியாக்கும் என்று பயந்து வேண்டாம் என்றுவிட்டார். அப்புறம் அவரே சொன்னார், அவர்கள் ஊரில் ‘கொவொம்ப்கி’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘சின்னப் புறாக்கள்’, தட்டில் வருவதோ சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி அவித்த கோவா (முட்டைக்கோஸ்) இலை, புறாவே கிடையாது. அண்ணை, பெயரைக் கீரிமீன் என்றே ஆங்கில எழுத்தில் விட்டு, பக்கத்தில் இது சின்னக் கடல்மீன் என்று ஒரு வரி போடுங்கள். ஒடியல் கூழுக்கும் அப்படியே, காயவைத்த பனங்கிழங்கு மாவில் மீன், நண்டு, இறால் போட்டுக் காய்ச்சியது என்று எழுதினால் வெளியூர் ஆட்களும் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.