முத்திரை தைத்த பதோகிக் கம்பளம்: ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஃபிராங்ஃபர்ட்டில் வீடு மாறியபோது கூடத்துக்கு ஒரு கம்பளம் தேவைப்பட்டது. நான் வாங்கியது ஆறடிக்கு நாலடி அளவுள்ள கம்பளி விரிப்பு. உத்தரப் பிரதேசத்தின் பதோகிப் பகுதியில் கையால் முடிச்சிட்டு நெய்யப்பட்டது. விலை 590 யூரோ. பின்புற ஓரத்தில், குழந்தை உழைப்பு இல்லாமல் நெய்தது என்று சான்று சொல்லும் குட்வீவ் முத்திரை எண்ணுடன் தைக்கப்பட்டிருக்கிறது. முத்திரை இல்லாத, ஏறத்தாழ இதே அளவுள்ள இன்னொன்றை வேறொரு கடையில் 470 யூரோவுக்குக் காட்டினார்கள். கம்பளியின் தரமும் வேறாக இருந்ததால், இடையிலுள்ள 120 யூரோவும் முத்திரைக்கான விலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது முத்திரைதான் என்பதால், கம்பளத்தோடு அதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

முதலில் கம்பளம். வாங்குவதற்கு முன் ஒரு மூலையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. கையால் முடிச்சிட்டதென்றால், முன்புறத்துப் பூவும் கொடியும் பின்புறத்திலும் முடிச்சு முடிச்சாக அப்படியே தெரியும். பின்னால் துணி ஒட்டியிருந்தால் அது துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்திப் பசை தடவிச் செய்த மலிவு வகை. என்னுடையதில் குஞ்சம் பாவு நூலின் நீட்சியாகவே இருக்கிறது, தனியாகத் தைத்ததல்ல. முதல் நான்கு மாதங்கள் பஞ்சு பஞ்சாக உதிர்ந்து வாக்குவம் கிளீனரின் பையை நிரப்பியது. புதுக் கம்பளிக்கு அது இயல்பு, இப்போது நின்றுவிட்டது. காப்பி ஒருமுறை கொட்டியது. உடனே ஒற்றி எடுத்ததில் கறை படியவில்லை. உழைப்பைப் பொறுத்தவரை எனக்குக் குறையில்லை.

470 யூரோ கடையில் நெய்தவர்களின் வயதைப் பற்றிக் கேட்டபோது, விற்பனையாளர் பெருமையாகவே சொன்னார்: "சின்ன விரல்கள்தான் இவ்வளவு நுண்ணிய முடிச்சுப் போடும்." இந்தக் கதை கம்பள வியாபாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்காக 1990களில் இந்தியக் கம்பளத் தறிகளில் நடந்த ஆய்வு, குழந்தைகளுக்கு அப்படி எந்தத் தனித்திறனும் இல்லை, மிக நுண்ணிய வேலையைப் பெரியவர்களே செய்கிறார்கள் என்று காட்டியது. குழந்தைகளைத் தறியில் உட்கார வைத்ததற்குக் காரணம் விரலின் அளவு அல்ல. பெற்றோர் வாங்கிய முன்பணமும், எதிர்த்துப் பேசாத வயதும்தான்.

முத்திரையின் வரலாறே புறக்கணிப்பில் தொடங்கியது. பீகாரிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்கள் பதோகி, மிர்சாபூர் தறிகளில் கொத்தடிமைகளாக இருப்பது தெரியவந்தபோது, ஜெர்மனியில் தொண்டு அமைப்புகளும் நுகர்வோரும் இந்தியக் கம்பளங்களுக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். இந்தியாவில் குழந்தை உரிமைப் போராளி கைலாஷ் சத்யார்த்தி அந்தச் சிறுவர்களை மீட்டுக்கொண்டிருந்தார். வாங்காதீர்கள் என்று சொல்வதோடு நிறுத்தினால் எந்தக் கம்பளத்தை வாங்கலாம் என்ற கேள்வி மிஞ்சும். அதற்கு விடையாக 1994இல் ரக்மார்க் என்ற முத்திரை பிறந்தது, 2009இல் அது குட்வீவ் எனப் பெயர் மாறியது. இந்தியக் கம்பளங்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே நெய்யப்படுவதால், ஜெர்மன் வாடிக்கையாளரின் முகச்சுளிப்பு பதோகி வியாபாரிக்கு உடனே உறைத்தது.

அப்படியென்றால் முழுப் புறக்கணிப்பே போதாதா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் வங்கதேசத்தைத்தான் காட்டுவேன். 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தை உழைப்பில் உருவான பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனால் ஆர்டர்கள் போய்விடுமோ என்ற அச்சத்தில் ஆடைத் தொழிற்சாலை முதலாளிகள் சுமார் 50,000 குழந்தைகளை, பெரும்பாலும் சிறுமிகளை, வேலையிலிருந்து நிறுத்தினார்கள். யுனிசெஃப் தன் 1997ஆம் ஆண்டு அறிக்கையில், அவர்களில் பலர் கல் உடைக்கவும் தெருவில் பொருள் விற்கவும் பாலியல் தொழிலுக்கும் போனதைப் பதிவு செய்தது. தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்ததைவிடக் கேடான இடங்கள் அவை. 1995இல் ஆடை உற்பத்தியாளர் சங்கமும் யுனிசெஃபும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஓர் உடன்பாடு செய்து, குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து, மாதம் 300 டாகா (வங்கதேச நாணயம்) உதவித்தொகை கொடுத்த பிறகே நிலைமை ஓரளவு திருந்தியது. அந்தத் தொகை அவர்கள் சம்பாதித்ததைவிடக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பயமுறுத்தியபோது முதலாளிகள் அசைந்தார்கள். ஆனால் அந்த அசைவால் குழந்தை எங்கே போய் விழுகிறது என்று பார்க்க ஆளில்லாதபோது, நம் மனசாட்சியின் செலவை அந்தக் குழந்தையே கட்டியது. நான் வாங்கிய முத்திரை அந்த ஆளை நியமிக்கும் ஏற்பாடு. உரிமம் பெற்ற வியாபாரிகள் கட்டணம் செலுத்துகிறார்கள்; ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றித் தறிகளுக்குப் போகிறார்கள்; தறியில் குழந்தை இருந்தால் மீட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்; அந்த எண்ணைக் கொண்டு சரக்கு வந்த வழியைத் தேடிப் போகலாம்.

குறைகளும் உண்டு. பதோகியில் தறிகள் ஒரே கூரையின் கீழ் இல்லை. ஊர் ஊராக, வீட்டுத் தாழ்வாரங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆய்வாளர் போன மறுநாள் யார் உட்கார்ந்தார்கள் என்பதற்கு எந்த முத்திரையும் சாட்சி சொல்லாது. வாங்குபவர் இன்னொருவருடைய கண்ணை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். தவிரவும், முத்திரை ஏற்றுமதிச் சரக்கை மட்டுமே தொடும். 2024 நிலவரப்படி உலகில் 13.8 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 61 சதவீதம் பேர் விவசாயத்தில் உழைப்பவர்கள். அந்த விளைச்சலில் பெரும்பகுதி எந்தக் கப்பலிலும் ஏறுவதில்லை. ஃபிராங்ஃபர்ட்டில் நான் எதை வாங்க மறுத்தாலும் அவர்களுக்கு அது தெரியப் போவதில்லை.

விருதுநகர் பக்கத்துக்காரன் என்பதால் எனக்கு சிவகாசி நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே பெரிய மாற்றத்துக்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு: ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்றாலும், அப்பாவுக்கு வேலை கொடுக்காமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது என்ற கணக்கு அதில் இருந்தது.

கம்பளத்துக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன், முத்திரைக்கு மூன்றரை. கைநெசவுதான் வேண்டும் என்பவர்கள் முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்கலாம். 590 யூரோ கட்டுப்படியாகாதவர்கள், சின்ன விரல் கதை சொல்லும் கடையை விட்டுவிட்டு, இயந்திரத்தில் நெய்ததை வாங்குவது மேல். நடைபாதைக்கு இன்னொரு நீள விரிப்பு பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன சனிக்கிழமை ஒரு கடையில் மூலையைத் திருப்பியதும், நான் கேட்பதற்கு முன்பே கடைக்காரர் முத்திரை எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.