கோழிக்கூண்டு செய்யக் கொடுப்பவர்கள் கேஜ் எண்ணைக் கவனியுங்கள்

தாம்பரம் பக்கம் எங்கள் வீடு. பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஐந்து நாட்டுக்கோழி வளர்க்க ஆசைப்பட்டு, 11,500 ரூபாய்க்கு ஒரு கூண்டு செய்யக் கொடுத்தேன். கோழிகளில் இப்போது இரண்டுதான் மிச்சம். மற்ற மூன்றும் போன கதையை, கூண்டு செய்யும் யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான்குக்கு மூன்றடி, ஒன்றரை அடி உயரக் கால்கள், அரை அங்குலக் கண் உள்ள 16 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) வெல்டு மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளைப் பற்றவைத்த வலை, சட்டம் முழுக்கத் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய கால்வனைஸ் குழாய். வெல்டிங் பட்டறைக்காரரிடம் நான் கேட்டது இதுதான். 16 கேஜ் என்பதே என் மைத்துனர் சொல்லி அனுப்பியது. பட்டறைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: "கோழிக்கூண்டு 1". கீழே தொகை. அதை அப்படியே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேனே, அங்கேயே தொடங்கிவிட்டது என் முட்டாள்தனம்.

பத்து நாள் என்றவர் ஐந்து வாரம் இழுத்தார். வந்த கூண்டு வெள்ளி நிறத்தில் பளபளத்தது. வலை மட்டும் மெல்லியதாகத் தெரிந்ததால் கேட்டேன். "22 கேஜ் சார். நீங்கள் கேட்டதைவிட ஆறு கூடவே போட்டிருக்கிறேன்" என்றார். எண் பெரிதென்றால் கம்பியும் பெரிதுதானே! நன்றி வேறு சொல்லி, மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

கம்பியில் கணக்கு தலைகீழ். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 16 கேஜ் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 22 கேஜ் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. நாளெல்லாம் இரும்போடு கிடப்பவருக்கு இது தெரியாது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

அது வெல்டு மெஷ்ஷே அல்ல. அறுகோணக் கண்களாக முறுக்கிப் பின்னிய வலை. கடைகளில் 'கோழி வலை' என்றே கிடைக்கும். கோழி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே வருகிறவர்களைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

பதினெட்டாம் நாள் இரவு மரநாய் வந்தது. நகரத்தில் ஏது மரநாய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எதிர்வீட்டுக் கேமராவில், எங்கள் மதில்மேல் நீண்ட வாலோடு நிதானமாக நடந்து வருகிறது. வலையைப் பட்டை வைத்துச் சட்டத்தோடு பிடிக்காமல், முழத்துக்கு ஒரு கட்டுக்கம்பி முடிச்சு போட்டிருந்தார். மூலையில் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே வலை உள்வாங்கி, என் கை முழங்கைவரை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. அறுந்த கம்பி முனையில் ஒரு பழுப்பு இறகு. இரண்டு கோழிகள் கழுத்து கடிபட்டுக் கிடந்தன. ஒன்றைக் காணவே இல்லை. முதல்நாள் மாலைதான் என் மகள் முட்டைப் பெட்டிக்குப் புது வைக்கோல் போட்டிருந்தாள்.

தொலைபேசியில் கூப்பிட்டேன். "கோழிக்கூண்டுக்குக் கோழி வலைதானே சார் போடுவார்கள்?" என்றார். காகிதத்தைக் காட்டிச் சண்டை போடலாம் என்றால் அதில் இருப்பது "கோழிக்கூண்டு 1". அதன்பிறகு என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

சந்தேகம் வந்து சட்டத்தைச் சாவியால் சுரண்டினேன். வெள்ளிப் பெயிண்ட் உரிந்து கறுப்பு இரும்பு தெரிந்தது. கால்வனைஸும் பொய். தகரக் கூரையின் சூட்டைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும். தென்னங்கீற்று போட்டு மூடிவிட்டேன்.

இந்த முறை வலையை நானே வாங்கிவந்தேன், கண்ணுக்குள் கட்டைவிரல் நுழைகிறதா என்று பார்த்து. புதுப் பட்டறையில் கேஜ், கண் அளவு, குழாய், பட்டை எல்லாவற்றையும் எழுதி வாங்கியிருக்கிறேன். முன்பணம் பாதிக்குக் கீழே. மீதி, சுரண்டிப் பார்த்த பிறகு.

அதுவரை இரண்டு கோழிகளும் இரவில் எங்கள் குளியலறையில் தங்குகின்றன. விடிகாலையில் பல் தேய்க்கப் போனால் வாளி விளிம்பில் உட்கார்ந்தபடி முறைக்கின்றன.