டோரேமிக்சின் கேட்ரிட்ஜ்: ஒரு ஐசியு டாக்டரின் விமர்சனம்

குடல் முறுக்கிக்கொண்டு அழுகிப்போனவர்கள், பெருங்குடலில் ஓட்டை விழுந்து வயிறெல்லாம் மலம் பரவியவர்கள், ஆபரேஷன் முடிந்ததும் எங்கள் ஐசியுவுக்குத்தான் வருவார்கள். அவர்களில் சிலருக்கு, ரத்தத்தை வெளியே எடுத்து நச்சை வடிகட்டித் திருப்பி அனுப்பும் டோரேமிக்சின் கேட்ரிட்ஜைப் போட்டிருக்கிறேன். ஜப்பானின் டோரே நிறுவனத் தயாரிப்பு. அங்கே 1990களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது.

குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு உண்டு. குடல் சுவர் நன்றாக இருக்கும்வரை அது வெளியே வராது. கசிகிற கொஞ்சநஞ்சத்தையும் கல்லீரல் பிடித்து அழித்துவிடும். ரத்த ஓட்டம் நின்று சுவர் செத்துப்போனால் கல்லீரலால் சமாளிக்க முடியாது. நச்சு ரத்தத்தில் ஏறும், பிபி சரியும், சிறுநீர் நின்றுபோகும்.

அந்த நச்சை ரத்தத்திலிருந்து இழுப்பதுதான் இந்த கேட்ரிட்ஜின் வேலை. உள்ளே இருக்கும் இழைகளில் பாலிமிக்சின் பி மருந்தைப் பிணைத்து வைத்திருக்கிறார்கள். ஊசியாகப் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து அது. இங்கே இழையை விட்டு நகராமல், கடந்து போகும் ரத்தத்திலுள்ள எண்டோடாக்சினைப் பிடித்துக்கொள்கிறது. அருமையான யோசனை, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

போடுவதும் சிரமமில்லை. டயாலிசிஸுக்கு ரத்தக் குழாயில் வைக்கும் அதே கதீட்டர் குழாய், 2 மணி நேரம், மறுநாள் இன்னொரு தடவை. தொல்லை கொடுப்பது ரத்த உறைவுதான். அப்போதுதான் வயிற்றைத் திறந்து மூடியிருக்கிறோம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினைத் தாராளமாக விட பயம், ரத்தம் கசியும். குறைத்தாலோ ரத்தம் ஓடும் குழாய்ச் சர்க்யூட் அடைத்துக்கொள்கிறது. தட்டணுக்கள் இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, உயிரைக் காப்பாற்றுகிறதா? 2009இல் வந்த இத்தாலிய ஆய்வில் வயிற்று ஆபரேஷன் ஆன 64 பேர். 28 நாளுக்குள் இறந்தவர்கள் கேட்ரிட்ஜ் போட்டவர்களில் 32%, போடாதவர்களில் 53%. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. ஆனால் ஆய்வையே பாதியில் நிறுத்தியிருந்தார்கள். 2015இல் பிரான்சில், குடல் ஓட்டையால் செப்டிக் ஷாக் (கிருமித் தொற்றால் பிபி அபாயமாகச் சரிவது) ஆனவர்களிடம் பார்த்தபோது, போட்டவர்களில் 27.7%, போடாதவர்களில் 19.5% இறந்திருந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பலன் தெரியவில்லை. 2018இல் வட அமெரிக்காவில் 450 பேரிடம், ரத்தத்தில் எண்டோடாக்சின் அளவைச் சோதித்துத் தேர்ந்தெடுத்துப் போட்டும், இறப்பு குறையவில்லை.

கேட்ரிட்ஜ் ஓடிய பிறகு, பிபியைத் தூக்கிப்பிடிக்கும் நோரட்ரினலின் மருந்தின் தேவை இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதே நேரத்தில் செத்த குடல் வெளியே போயிருந்தது, ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்துகொண்டிருந்தது. நல்ல பெயரை கேட்ரிட்ஜுக்கு மட்டும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 5க்கு 2 மதிப்பெண், அதுவும் யோசனைக்காக. இதை வாங்கச் சொன்னால், "அழுகிய குடலை முழுசாக எடுத்தாச்சா? ஓட்டையை அடைச்சாச்சா?" என்று முதலில் கேளுங்கள். நகையை அடகு வைத்து இதை வாங்கட்டுமா என்று கேட்கும் குடும்பங்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.