ரிக் வண்டிக் கடையில் இன்னோவாவுக்கு ஸ்டீயரிங் ஹோஸ்

எங்கள் பழைய இன்னோவாவில் பவர் ஸ்டீயரிங் பிரஷர் ஹோஸ் (பம்பிலிருந்து ஸ்டீயரிங்குக்கு அழுத்தத்தோடு ஆயில் கொண்டுபோகும் குழாய்) ஒழுகியது. புது ஹோஸுக்குச் சொன்ன விலை கட்டுப்படியாகாததால், திருச்செங்கோட்டில் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடை ஒன்றில் கொடுத்துச் செய்துகொண்டேன். போர்வெல் ரிக் வண்டிகளின் ஊர் என்பதால் அங்கே ஹோஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை, காரோடு போனால்தான் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள்.

முதலில் ஒன்று, ஹோஸைக் கழற்றி மாட்டுவது இவர்கள் வேலை இல்லை. மெக்கானிக்கிடம் கழற்றிக் கையில் கொண்டுபோக வேண்டும். ரப்பர்தான் போயிருந்தது, இரண்டு முனையிலும் உள்ள வளைந்த இரும்புக் குழாய்கள் நன்றாகவே இருந்தன, அதனால் அவற்றை வைத்துக்கொண்டு நடுவில் மட்டும் புது ஹோஸ் போட்டார்கள். இங்கேதான் கடைப் பையனின் வேலை பிடித்தது. ஹோஸையும் குழாயையும் இறுக்கிப் பிடிக்கும் பழைய இரும்புக் கப்பை வெட்டும் முன்பே இரண்டு குழாயும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று மார்க்கரில் கோடு போட்டுக்கொண்டான், ஏனென்றால் அது கொஞ்சம் திரும்பிவிட்டாலும் வண்டியில் மாட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொண்டு நிற்கும். கிரைண்டர் தூளை ஏர் அடித்து வெளியேற்றி, குழாயைத் துணியில் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் அடித்தான். அந்தத் தூள் உள்ளே போனால், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கில் ஆயிலை அடைத்து வைக்கும் சீல் காலி. புது கப்பை மெஷினில் பிரஸ் பண்ணியதும் வெர்னியர் வைத்து அளவும் பார்த்தான்.

குறை என்றால் ஹோஸ்தான். முதலில் இரண்டு கம்பி வலை போட்ட ஆர்2 ஹோஸை எடுத்தார்கள். வேண்டாம் என்றதும் ஓனர், "ரிக்குக்கே தாங்குதுங்கண்ணா, காருக்குத் தாங்காதுங்களா?" என்றார். பிரஷர் கணக்கில் அவர் சொல்வது சரிதான். ஆனால் பம்பு ஆயிலை ஒரே சீராகத் தள்ளாது, விட்டுவிட்டு உதைத்துத் தள்ளும், காருக்கென்று வரும் ஹோஸ் லேசாக உப்பி அந்த உதையை வாங்கிக்கொள்ளும், விறைப்பான ஹைட்ராலிக் ஹோஸ் அப்படியே ஸ்டீயரிங்குக்குக் கடத்திவிடும். அதற்கான தர எண்ணான எஸ்ஏஇ ஜே188 என்று அச்சடித்த பவர் ஸ்டீயரிங் ஹோஸ் இவர்களிடம் இல்லை. கடைசியில் ஒற்றை வலை ஆர்1தான் போட்டோம். பார்க்கிங்கில் முழுசாக ஒடித்தால் ஒரு முனகல் கேட்கிறது, ஒழுகல் சுத்தமாக நின்றுவிட்டது. தவிர, இந்த வகை ஹோஸ் பொதுவாக 100 டிகிரி சூடு வரைக்கும்தான் தாங்கும், எக்ஸாஸ்ட் பக்கம் உரசாமல் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். ஊருக்குள் ஓட்டும் பழைய வண்டிக்கு இது போதும். தினமும் ஹைவேயில் ஓடுகிற வண்டி என்றால் ஒரிஜினல்தான் என் ஓட்டு.

அப்புறம் மெக்கானிக் பக்கம் பார்க்க வேண்டியவை. பம்பு போல்ட்டின் வாஷரைப் புதுசாகப் போடச் சொல்லுங்கள், பழையதையே துடைத்துப் போடத்தான் பார்ப்பார்கள். ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப்புக்கு பெட்ரோல் டியூபை வெட்டிச் சொருக விடாதீர்கள், சூடான ஆயிலில் ஊறி இளகிவிடும். ஏடிஎஃப் (ஸ்டீயரிங் ஆயில்) ஊற்றியதும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜின் ஆஃபிலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பொறுமையாகத் திருப்பி, ஆயில் டப்பாவில் குமிழி அடங்கிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

காலையிலேயே போய்விடுங்கள், ரிக்காரர்கள் வந்துவிட்டால் கார் ஹோஸ் ஓரமாகத்தான் கிடக்கும். செலவு புது ஹோஸ் விலையில் பாதிகூட இல்லை. ஜிபே உண்டு, கேட்டால் பில் தருகிறார்கள், வாரண்டி மட்டும் வாய்வார்த்தைதான்.